169.254 என்ற எண்ணும் எங்கள் வீட்டுக் காதுகுத்தும்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கமாக நான் பாளையக்காரர்களைப் பற்றியோ, பழைய போடி ரயிலைப் பற்றியோ எழுதுவேன். இந்த முறை ஒரு எண்ணின் வரலாறு. அது என் வீட்டுக் கணினித் திரையில் ஒரு நாள் முழுக்க நின்று என்னை அழ வைத்த எண்.

போன ஆவணியில் நடந்தது. பக்கத்துத் தெருப் பெண், பிளஸ் டூ முடித்தவள், பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்த என் வீட்டுக்கு வந்திருந்தாள். 2018-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய சுற்று அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அப்பா இல்லை. அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏறி பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போய்விட்டார். "சாரு வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்று எனக்கு அவ்வளவு பதற்றம்.

பத்தரை மணிக்கு மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளாக அதைத் தொடவில்லை. இணையம் வரவில்லை. ஆனால் என் ஃபோனில் அதே வைஃபை ஓடுகிறது. வீட்டம்மா ஃபோனிலும் ஓடுகிறது. டிவியில் பாட்டு ஓடுகிறது. கணினிக்கு மட்டும் இல்லை. எலி கேபிளைக் கடித்திருக்கும் என்று நினைத்தேன், எங்கள் வீட்டில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. கேபிள் முழுசாக இருந்தது. செருகும் இடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது. வேறு கேபிள் மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆண்டு கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான். இப்போது நான் முழிக்கிறேன், அவன் கேள்வி கேட்கிறான்.

"சார், கறுப்பு ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக்னு அடிங்க. ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு வரி வரும். என்ன போட்டிருக்கு?"

"நூத்தி அறுபத்தொம்போது, புள்ளி, எரநூத்தி அம்பத்து நாலு, புள்ளி…"

"போதும் சார். நிறுத்துங்க. அது முகவரியே இல்ல. யாரும் குடுக்காததால அதுவா எடுத்துக்கிட்ட நம்பர்."

வரலாற்று வாத்தியாருக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எப்போது பிறந்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். நம் ஊர் பின்கோடு 625513. முதல் எண் 6 தமிழ்நாடு, கேரளம் பக்கத்துக்கு. முதல் மூன்றும் சேர்ந்த 625 மதுரைக்கு. தேனி தனி மாவட்டமாகி இத்தனை வருடம் ஆகியும் தபாலில் நாம் இன்னும் மதுரைப் பிள்ளைகள்தான். 1972 ஆகஸ்ட் 15-ல் இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், தபால் தந்தித் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஊருக்கு எண் கொடுக்கும் வேலையை ஒரு கவிஞர் செய்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

கணினி முகவரியும் அப்படித்தான் ஒரு மனிதரின் கையிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற ஆராய்ச்சி வலையில் எந்த இடத்துக்கு எந்த எண் என்று குறித்து வைத்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். தாடிக்காரர், சாது மாதிரி இருப்பார். ஆரம்ப காலத்தில் எல்லாம் கைக்கணக்குதான். யாருக்காவது எண் வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும், அவர் அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டுக் குறித்துக்கொள்வார். 1998-ல் அவர் இறக்கும் வரை இந்தப் பொறுப்பு ஏதோ ஒரு வகையில் அவரிடம்தான் இருந்தது.

1981 செப்டம்பரில் இன்று நாம் பயன்படுத்தும் முகவரி முறை எழுதி வெளியிடப்பட்டது. நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். அந்த வருடம் உலக மக்கள் தொகை ஏறக்குறைய 450 கோடி. ஆளுக்கு ஒன்று என்றால்கூட அன்றைக்கே போதாது. இந்த அளவை முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் விண்ட் செர்ஃப். ஒரு சோதனைக்காகத்தானே, இவ்வளவு தாராளமாகப் போதும் என்று நினைத்தோம் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வலையில் இரண்டு கணினிக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. எண் இல்லாமலும் இருக்கக் கூடாது. 2000-க்குப் பிறகு நம் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். பொதுத்தேர்வு முடிவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போவேன். ஒவ்வொரு மானிட்டர் ஓரத்திலும் கடைக்காரர் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருப்பார்: 192.168.0.2, 192.168.0.3 என்று. அது அந்த இயந்திரத்துக்கு அவர் கையால் கொடுத்த முகவரி. ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் இரண்டு இயந்திரத்துக்கு ஒரே எண்ணைப் போட்டுவிட்டான். முகவரி மோதல் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. வெளியே நாற்பது பிள்ளைகள் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்று கடைக்காரர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எட்டு இயந்திரத்துக்கு ஒட்டலாம் சீட்டு. எண்ணூறுக்கு? இந்தக் கேள்விதான் 1980-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுந்தது. அப்போது வட்டு இல்லாத கணினிகள் இருந்தன. அணைத்தால் எல்லாம் மறந்துபோகும், காலையில் எழுந்தால் தன் பெயரே தெரியாது. 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் சிலர் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். அடுத்த வருடம் அதே ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பில் கிராஃப்ட்டும் சன் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை எழுதினார்கள். கணினியில் உள்ள நெட்வொர்க் அட்டைக்குப் பிறக்கும்போதே தொழிற்சாலையில் குத்திய ஒரு எண் உண்டு. இந்த அட்டைக்கு இந்த முகவரி என்று ஒருவர் முன்னாலேயே பட்டியல் எழுதி வைத்திருப்பார். கணினி எழுந்து கேட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்லப்படும். கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் பெயர் எழுதி வைத்த மாதிரி. பெயர் இல்லாதவர் வந்தால் சோறு இல்லை.

நம் ஊர்ப் பந்தியில் யார் பெயர் எழுதுகிறார்கள்? காலியான இலையில் உட்கார வேண்டியது, சாப்பிட்டு எழ வேண்டியது. இந்த முறையைக் கணினிக்கு எழுதியவர் ரால்ஃப் டிரோம்ஸ், பென்சில்வேனியாவில் பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1993 அக்டோபரில் முதல் ஆவணம் வந்தது. டிஎச்சிபி என்று பெயர். இதில் நடப்பது நாலே நாலு வார்த்தைப் பேச்சு.

கணினி: எண் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?
ரூட்டர்: இருக்கிறேன். இந்த எண் காலி, வேண்டுமா?
கணினி: அதையே கொடுங்கள்.
ரூட்டர்: கொடுத்தேன், இத்தனை நாளைக்கு.

முகவரியே இல்லாதவன் எப்படிப் பேசுவான் என்று அந்தப் பெண் இடையில் கேட்டாள். நல்ல கேள்வி. தன் முகவரி என்ற இடத்தில் நாலு பூஜ்யம் போட்டு, பெறுநர் என்ற இடத்தில் 255.255.255.255 என்று எல்லாருக்கும் பொதுவாகக் கத்தும். அந்த வலையில் இருக்கும் எல்லோருக்கும் அது கேட்கும், எண் கொடுக்க வேண்டியவர் மட்டும் பதில் சொல்வார்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. இத்தனை நாளைக்கு. ஆங்கிலத்தில் இதற்கு லீஸ் என்றே பெயர். ஏலமலையில் பாதி நிலம் குத்தகைப் பேச்சிலேயே ஓடுகிறது, நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண் கணினிக்குச் சொந்தம் இல்லை, குத்தகை. பாதிக் காலம் கழிந்ததும் கணினி தானாகவே ரூட்டரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்காமல் காலம் முடிந்தால் அந்த எண் அடுத்தவருக்குப் போகும்.

சரி, கத்தியும் யாருமே பதில் சொல்லாவிட்டால்? 1998-ல் வந்த விண்டோஸ் 98-லிருந்து கணினி சும்மா இருப்பதில்லை. 169.254 என்று தொடங்கும் எண்களில் குத்துமதிப்பாக ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். எடுப்பதற்கு முன் "இந்த எண்ணை யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று சுற்றிலும் கேட்கும். யாராவது ஆமாம் என்றால் வேறு எண். பக்கத்தில் இருக்கும் இரண்டு கணினிகள் இப்படி எண் எடுத்துக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணோடு வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. எந்த ரூட்டரும் அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. 2005 மே மாதம் இந்த விதியை முறைப்படி எழுதியவர்கள் மூன்று பேர்: ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷயர், மைக்ரோசாஃப்ட்டின் பெர்னார்ட் அபோபா, சன்னின் எரிக் குட்மன். சந்தையில் சண்டைக்கோழிகள், ஒரே ஆவணத்தில் கையெழுத்து.

ஆகவே 169.254 என்பது கோளாறு இல்லை. "நான் கேட்டேன், எனக்கு யாரும் கொடுக்கவில்லை" என்று கணினி கொடுக்கும் வாக்குமூலம். என் கணினி பழுதாகவில்லை, கேபிளும் பழுதாகவில்லை. கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் அன்றைய கேள்வி.

மணி ஒன்றரை. நீங்கள் கேட்பீர்கள், ஃபோனில் வைஃபை வருகிறதே, அதிலேயே செய்யக் கூடாதா என்று. செய்யத்தான் செய்தோம். நான் கணினியோடு மல்லுக்கட்ட, அவள் என் ஃபோனை வாங்கி ஒவ்வொரு கல்லூரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவு திரையில் அறுபது விருப்பங்களை மேலும் கீழும் நகர்த்துவது லேசான வேலை இல்லை. இரண்டு முறை பக்கம் தானாக மேலே ஓடிவிட்டது. மூன்றாம் முறை அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இங்கே கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன். முகவரி ஏன் இவ்வளவு சிக்கனமாகக் கொடுக்கப்படுகிறது என்பதற்குப் பின்னால் ஒரு அநியாயம் இருக்கிறது.

ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் போஸ்டல் வாரிக் கொடுத்தார். 18 என்று தொடங்கும் எல்லா எண்களும், அதாவது 1,67,77,216 முகவரிகள், எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு. 19 ஃபோர்டு கார் கம்பெனிக்கு. முதலில் வந்தவர்களுக்கு ஜமீன். நம் நாட்டில் 1986-ல் ஐஐடிகளும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்த எர்னெட் தொடங்கியது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-ல்தான், விஎஸ்என்எல் மூலம். நாம் பந்திக்குப் போவதற்குள் பெரிய இலைகள் எல்லாம் எடுத்தாயிற்று. 2011 பிப்ரவரி 3-ல் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரல் 15-ல் ஆசியா பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் அமைப்பு, இனிமேல் ஒரு உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 முகவரி என்று ரேஷன் கார்டு போட்டுவிட்டது.

மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரம் உங்களுக்குத் தெரியும். 2001 வாக்கில் அங்கே கிராமங்களில் இணையக் கியாஸ்குகள் வைத்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை. என்-லாக் என்ற நிறுவனம் நடத்தியது. எம்ஐடியும் ஹார்வர்டும் கூட்டு. வேகம் 35 அல்லது 70 கிலோபிட், இன்றைக்கு ஒரு புகைப்படம்கூட நிமிடக்கணக்கில் வரும். அந்த வேகத்தில் கிராமத்துப் பெரியவர்களின் கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கியாஸ்குகள் பல பின்னாளில் மூடப்பட்டன, அது வேறு கதை. நான் நினைத்துக்கொள்வது இதுதான்: மேலூருக்கு இணையம் கொண்டுவரக் கைகொடுத்த அதே எம்ஐடி, 2017-ல் தன் கையிருப்பில் 1.4 கோடி முகவரிகளைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லி ஒரு பகுதியை விற்றது. வாங்கியது அமேசான். தப்பு என்று சொல்ல மாட்டேன். தரிசாகக் கிடந்த ஜமீன் நிலம் என்று சொல்லலாம்.

அப்படியானால் 429 கோடிக்குள் இத்தனை ஃபோன்களும் டிவிகளும் எப்படி அடங்குகின்றன? என் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். லயத்தில் இருக்கும் எந்த வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. எல்லார் கடிதமும் எஸ்டேட் பெயருக்கு வரும். அப்பா தபால் பையைப் பிரித்து, இது மூன்றாம் லயம், இது ஐந்தாம் லயம் என்று ஆள் கூப்பிட்டுக் கொடுப்பார். வெளி உலகத்துக்கு எஸ்டேட் ஒரே முகவரி, உள்ளே இருநூறு குடும்பம். உங்கள் வீட்டு ரூட்டர் செய்வது அச்சு அசல் இதே வேலை. 1994-ல் எழுதப்பட்ட இந்த முறைக்கு நாட் என்று பெயர். உள்ளுக்குள் வைத்துக்கொள்ள 192.168, 10 போன்ற எண்கள் 1996-ல் முறையாக ஒதுக்கப்பட்டன. மேலத் தெரு நாலாம் நம்பர் வீடு எல்லா ஊரிலும் இருப்பது மாதிரி, என் வீட்டு 192.168.1.5 உங்கள் வீட்டிலும் இருக்கும். இதில் தவறில்லை. 2007-லிருந்து நம் ஊரில் ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறதே, அதற்கும் இதே விதிதான்: ஒரு கூடத்துக்குள் எந்த இரண்டு இயந்திரத்துக்கும் ஒரே எண் இருக்கக் கூடாது. இருந்தால் யார் கேட்ட விலை யாருடையது என்று தெரியாது.

(ஐபிவி6 என்ற புது முறையில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. 2016-ல் ஜியோ வந்த பிறகு இந்தியா அதில் உலகின் முன்வரிசைக்குப் போய்விட்டது. அது இன்னொரு நாள்.)

வீட்டுக்குத் திரும்புவோம். மணி இரண்டே முக்கால். கோயம்புத்தூர் மாணவன் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"சார், வீட்டுல சமீபத்துல விசேஷம் ஏதாவது நடந்துச்சா?"

எனக்கு எரிச்சல். "ஏன்டா, இப்ப அதுவா முக்கியம்? பேரனுக்குக் காதுகுத்து. நாலு நாள் எல்லாரும் இங்கதான். மூணு நாளுக்கு முன்னாடிதான் கெளம்புனாங்க."

"எத்தன ஃபோன் சார் வைஃபைல போட்டாங்க?"

விரல் விட்டு எண்ணினேன். ஏழு.

என் ஃபோனிலேயே 192.168.1.1 என்று அடிக்கச் சொல்லி ரூட்டரின் பக்கத்தைத் திறக்க வைத்தான். அங்கே இருந்தது ரகசியம். இணைப்புக் கொடுக்க வந்த பையன் ரூட்டரில் மொத்தமே பத்து முகவரிதான் ஒதுக்கியிருக்கிறான், 2 முதல் 11 வரை. குத்தகைக் காலம் ஏழு நாள். என் ஃபோன், வீட்டம்மா ஃபோன், டிவி, மூன்று. விருந்தாளிகளின் ஃபோன் ஏழு. பத்தும் நிறைந்தது. துணி போர்த்தித் தூங்கிய என் கணினியின் குத்தகை இடையில் முடிந்து, அதன் பழைய எண்ணைச் சின்ன மருமகனின் ஃபோன் எடுத்துக்கொண்டிருக்கிறது. மருமகன் திருப்பூர் போய்ச் சேர்ந்து மூன்று நாள். எண் மட்டும் இங்கேயே அவர் பெயரில் இருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டும் தீரவில்லையே என்றால், எங்கள் ரூட்டர் பட்டியலை அழியாமல் எழுதி வைக்கும் ரகம். ஒரு எண் யாருக்குக் கொடுத்தோம் என்பதை மின்சாரம் போனாலும் மறக்காதது நல்ல குணம்தான். அன்று எனக்கு அது வினையாகிவிட்டது.

"முதல்ல கம்ப்யூட்டருக்குக் கையால நம்பர் போடுவோம் சார், நேரம் இல்ல" என்றான். 192.168.1.50. அடுத்த பெட்டியில் 255.255.255.0. வாசல் என்ற இடத்தில் 192.168.1.1. பெயர் தேடும் இடத்திலும் அதுவே. பிரவுசிங் சென்டர்க்காரர் சீட்டு ஒட்டிய அதே பழைய வழி. ஓகே அழுத்தியதும் கலந்தாய்வுப் பக்கம் திறந்தது. மணி மூன்று பத்து.

பெரிய திரையில் அவள் பட்டியலை முதலிலிருந்து வாசித்தாள். பதினோராவது வரியில் நின்றாள். ஒரே நிறுவனரின் பெயரில் இரண்டு கல்லூரிகள், ஊர் வேறு. மதுரைப் பக்கம் இருப்பதைப் போடுவதாக நினைத்து, சென்னைக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் போட்டிருந்தாள். சின்னத் திரையில் ஊர்ப் பெயர் மடங்கிக் கீழே போயிருந்தது. மாற்றினாள். இன்னும் இரண்டு இடத்தில் வரிசை பிசகியிருந்தது, அதையும் மாற்றினாள். நாலு இருபதுக்கு உறுதி செய்து அச்சு எடுத்தோம். ஆறு மணிக்கு அவள் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி, ஏலக்காய்க் கறை படிந்த கையோடு வாசலில் நின்று, "முடிஞ்சிருச்சா சார்?" என்றார். முடிந்தது என்றேன். நடந்ததைச் சொல்லவில்லை.

அவளுக்குக் கிடைத்தது அந்தப் பதினோராவது இடம்தான்.

இரவு உட்கார்ந்து ரூட்டரில் பத்து முகவரியை 2 முதல் 200 வரை என்று நீட்டினேன். ஏழு நாளை ஒரு நாளாக்கினேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன், ஏனென்றால் அந்தப் பையன் போட்டுவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரிந்த சொல். கணினிக்குக் கையால் போட்ட 50-ஐ எடுத்துவிட்டுத் தானாக வாங்கிக்கொள் என்று மாற்றியதும் 12 கிடைத்தது.

உங்கள் வீட்டில் 169.254 வந்தால் முதலில் கேபிள், விளக்கு பாருங்கள். அதே ரூட்டரில் மற்றவை ஓடினால், கணினியை உதைக்காமல் ரூட்டரின் பட்டியலை எண்ணுங்கள். தீபாவளிக்கு என் வீட்டுக்குப் பதினான்கு பேர் வருகிறார்கள்.